கை அசைந்தால்தான் பாட்டு வரும்

ஜாக்கெட்டின் கடைசி ஹூக்கைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முதல் பாடம். பெண்களுக்கு உடலசைவுப் பயிற்சி நடத்துவது என் தொழில். நாடகத்திலிருந்து வந்தவள். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் பள்ளி ஆசிரியைகள், நர்சுகள், மகளிர் குழுப் பெண்கள், கல்லூரி மாணவிகள், வீட்டோடு இருப்பவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். வந்திருப்பவர்கள் யாரானாலும் மூச்சில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. மூச்சை இழுங்கள், விலா விரியட்டும் என்பேன். விரியாது. குற்றம் நுரையீரலுடையது இல்லை, தையல்காரருடையது. ஒரே அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்துத் தைத்து, பத்து வருஷத்துக்கு முந்தைய உடம்பின் சுற்றளவுக்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஹூக்கைக் கழற்றி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, முழுசாக ஒரு மூச்சு இழுக்கும்போது சிலருக்கு இருமல் வரும், சிலருக்குக் கொட்டாவி. கொட்டாவி வந்தால் எனக்குச் சந்தோஷம். உடம்பு வேலையை ஆரம்பித்துவிட்டது.

"இது டான்ஸா, யோகாவா, நாடகமா?" என்று கேட்பார்கள். மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். சிலம்பத்தின் காலடி வரிசை, களரியின் மெய்ப்பயட்டு, தெருக்கூத்தின் சுழற்சி, கும்மியின் வட்டம், வெளிநாட்டு நாடகக்காரர்கள் கண்டுபிடித்த சில விளையாட்டுகள், எது ஒத்துவருகிறதோ அது. அசைவை அழகாகச் செய்யக் கற்றுக்கொடுப்பது என் வேலை அல்ல. முடிவில் ஒவ்வொருவரும் தன்னுடையது என்று சொல்லத்தக்க ஏதாவது ஒன்றை உண்டாக்கியிருக்க வேண்டும். ஒரு பாட்டாக இருக்கலாம், அரைப் பக்கக் கதையாக இருக்கலாம், இரண்டு நிமிடக் காட்சியாக இருக்கலாம். சிலர் புதுசாக ஒரு கோலம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை என்றால், அன்றைக்கு நடந்தது வெறும் உடற்பயிற்சி. அதிலும் தப்பில்லை, ஆனால் அதற்கு நான் தேவையில்லை.

மூச்சுக்குப் பிறகு படுப்பது. தரையில் மல்லாந்து, கை கால்களை அகட்டிப் படுக்கச் சொன்னால் பாதிப் பேர் ஒருக்களித்துத்தான் படுப்பார்கள். "பொம்பளப்புள்ள மல்லாந்து படுக்கக் கூடாது" என்று சின்ன வயதில் கேட்ட குரல் இடுப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நான் வற்புறுத்துவதில்லை. துப்பட்டாவைப் போர்த்திக்கொள்ளலாம், சுவரோரம் போகலாம், ஒருக்களித்தே இருக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதையும் ஜன்னலை மறைத்துவிட்டதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த உடம்பு தளரும். அதனால் என் பையில் எப்போதும் இரண்டு பழைய போர்வைகளும் ஒரு சுருள் சணல் கயிறும் இருக்கும். தரையையும் பார்த்தாக வேண்டும். பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை உத்தமம். கல்யாண மண்டபத்து டைல்ஸ் வழுக்கும். டைல்ஸ் மேல் ஜமுக்காளம் விரித்திருந்தால் அதைவிட மோசம். திரும்பும்போது ஜமுக்காளம் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார்.

குதிப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. இளம் பயிற்சியாளர்கள் உற்சாகமாக "ஜம்ப், ஜம்ப்" என்று தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிரசவத்தில் தளர்ந்துபோன இடுப்புத்தளத் தசைகளோடு குதித்தால் சிறுநீர் கசியும். கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். "கால் வலிக்குது சார்" என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பயிற்சியாளர் அதைக் கூச்சம் என்றோ ஆர்வமின்மை என்றோ எழுதிக்கொள்வார். ஆகவே நானே முதலில் பச்சையாகச் சொல்லிவிடுவேன்: குதித்தால் ஒழுகுகிறவர்கள் குதிக்க வேண்டாம், எல்லோரும் ஒரு தடவை பாத்ரூம் போய்வந்துவிடுங்கள். ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. பிறகு யாராவது ஒரு அக்கா, "குதிக்கவெல்லாம் வேணாம் டீச்சர், தும்முனாலே போகுது" என்பார். கூடமே சிரிக்கும். எத்தனையோ அறிமுக விளையாட்டுகளை முயன்று பார்த்துவிட்டேன். அந்தச் சிரிப்பு சேர்த்துவைக்கிற அளவுக்கு எதுவும் ஆட்களைச் சேர்த்துவைத்ததில்லை.

அதன் பிறகு மெதுநடைப் பந்தயம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973ல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது பயன்படுத்திய விளையாட்டுகளில் ஒன்று இது. ஒவ்வொரு தொழிலும் அந்தத் தொழில் செய்கிறவரின் தசைகளைத் தனக்கேற்ற மாதிரி வளைத்து வைத்திருக்கிறது. அந்த வளைவை ஆள் தன் உடம்பில் உணர்ந்தால்தான் வேறு மாதிரி அசைய முடியும், வேறு மாதிரி அசைந்தால்தான் வேறு ஒருவராக நடிக்க முடியும் என்பது அவர் கட்சி. பந்தயத்தின் விதி எளிது. கடைசியாக வருபவருக்கே வெற்றி. நிற்கக் கூடாது. முடிந்த மட்டும் எட்டி அடி வைக்க வேண்டும், முன்னே போகும் பாதம் மற்றக் காலின் முட்டி உயரத்துக்கு மேலே எழும்பித்தான் இறங்க வேண்டும். கேட்கச் சுலபம். செய்யும்போது மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் நிற்கிறது. வேகமாக நடக்கும்போது வேகமே நம்மைத் தாங்கும். இங்கே தாங்க எதுவும் இல்லை, தொடை நடுங்கும்.

நம் பெண்கள் இதில் தோற்பார்கள். அதாவது, முதலில் வந்துவிடுவார்கள். காலையில் எழுந்தது முதல் அடுப்பு, குழந்தை, பஸ், வேலை, தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஓட்டமாகவே செய்து பழகிய கால்கள். மெதுவாகப் போ என்றால் அவற்றுக்குப் புரியாது. ஒரு தலைமை ஆசிரியை பாதியிலேயே நின்று, "இவ்வளவு மெதுவா போனா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு இருக்கு" என்றார். அந்தக் கூடத்தில் அவரை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. சும்மா நிற்கிற பெண்ணைப் பார்த்தால் "வேல வெட்டி இல்லையா?" என்று கேட்கிற ஊர் இது. கதையும் கவிதையும் சும்மா நிற்கிற நேரத்தில் வருகிற சமாச்சாரங்கள். அந்த நேரம் கடிகாரத்தில் கிடைப்பதற்கு முன்னால் கால்களுக்குப் பழக வேண்டும்.

பந்தயம் முடிந்த உடனே, நின்ற இடத்திலேயே உட்கார வைத்துப் பேப்பரும் பென்சிலும் கொடுத்துவிடுவேன். நடுவில் பேச்சு கிடையாது. இதில் மட்டும் நான் கறார். "எப்படி இருந்துச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால் விஷயம் வாயோடு போய்விடும், பேப்பருக்கு வராது. என்ன எழுதுவது என்று கேட்பார்கள். மனதில் தோன்றியதை எழுதுங்கள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் "பெண்ணே விழித்தெழு" என்று எல்லோரும் ஒரே கவிதையை எழுதுவார்கள். உடம்பில் எந்த இடம் இப்போது சூடாக இருக்கிறது, அந்த இடம் இன்றைக்குக் காலையிலிருந்து என்னென்ன வேலை பார்த்தது, அதை மட்டும் வரிசையாக எழுதுங்கள் என்பேன். ஒரு நர்ஸ் தன் குதிகாலைப் பற்றி எழுதினார். இரவு டியூட்டியில் எந்தக் கட்டிலிலிருந்து மருந்து அலமாரிக்கு எத்தனை எட்டு, எந்த இடத்தில் தரை ஈரம், எந்தத் திருப்பத்தில் செருப்புச் சத்தம் வராமல் நடக்க வேண்டும், ஏன். அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒரு உவமை இல்லை, ஓர் ஆச்சரியக்குறி இல்லை. வாசித்து முடித்தபோது அந்த வார்டில் தூங்காமல் கிடக்கிற நோயாளி ஒருவரை நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டிருந்தோம்.

அசைவிலிருந்து எழுத்து வரும் என்பதை ஏதோ புதிய கண்டுபிடிப்புபோல வெளிநாட்டு முறைகளின் பெயரில் இன்றைக்கு விற்கிறார்கள். எனக்கு அந்த முறைகள் மேல் மரியாதை உண்டு. அமெரிக்காவில் மேரி ஸ்டார்க்ஸ் வொய்ட்ஹவுஸ் தொடங்கிவைத்த ஒரு பழக்கத்தை நானும் பயன்படுத்துகிறேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளிருந்து வருகிற அசைவுக்கு இடம் கொடுப்பார், இன்னொருவர் பக்கத்தில் இருந்து தீர்ப்புச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல முறை. ஆனால் தமிழ்ப் பெண்கள் பாட்டுக் கட்டியதெல்லாம் எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நாற்று நடும்போது, உலக்கை குத்தும்போது, தொட்டில் ஆட்டும்போது, கும்மி கொட்டும்போது, மாரடித்து அழும்போது. உட்கார்ந்து யோசித்துக் கட்டிய பாட்டு அபூர்வம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நூற்றாண்டுக் கணக்கில் பாட்டுக் கட்டினார்கள், கையும் காலும் அசைந்துகொண்டிருந்ததால்.

பாட்டின் அளவைத் தீர்மானித்ததே அந்த வேலைதான். உலக்கை மேலே போகும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது வெளியே. வரி அந்த வெளிமூச்சுக்குள் முடிய வேண்டும். இரண்டு பேர் ஒரே உரலில் மாறி மாறிக் குத்தினால், பாட்டும் ஒருத்தி கேட்க ஒருத்தி மறுமொழி சொல்வதாக அமையும். நடவில் முதுகு வளைந்து வயிறு மடிந்திருக்கிறது, பின்பக்கமாக நகர்ந்துகொண்டே கை நடுகிறது. நீண்ட மூச்சுக்கு வழியில்லை, வரி குறுகும், ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தொட்டில் நிதானம், அதனால் தாலாட்டில் மாமன் ஊர்ப் பெருமை முழுசையும் பொறுமையாகச் சொல்லலாம். ஒப்பாரிக்குக் கணக்கே கிடையாது. மூச்சு இருக்கிற வரைக்கும் வரி போகும், விம்மலில் முடியும்.

புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கலித்தொகையில் தலைவியும் தோழியும் உலக்கை குத்திக்கொண்டே வள்ளை பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை, பந்து, ஊசல், வள்ளை என்று அடுத்தடுத்து வரும் பாட்டுகள் எல்லாமே பெண்களின் கைவேலையும் விளையாட்டும். மாணிக்கவாசகர் பொற்சுண்ணம் இடிக்கிறார், அம்மானை ஆடுகிறார், பூக் கொய்கிறார், சாழல் கேட்கிறார், பொன்னூசல் ஆடுகிறார். பெண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் அம்மானையும் ஊசலும் உண்டு. யாப்பையும் சந்தத்தையும் பெண்களின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நூலில் புலவர்கள் பெயர் இருக்கிறது, முதலில் பாடியவள் பெயர் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, திருவாசகம் இல்லாத தமிழ் எனக்கு வேண்டாம். ஆனால் பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

உலக்கை போய் மில் வந்தது, ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. போனது நல்லதுதான். அந்த வேலைகளின் தோள்வலியை அறியாதவர்கள்தான் அவற்றுக்காக ஏங்குவார்கள். ஆனால் வேலையோடு பாட்டும் சேர்ந்து போய்விட்டது என்பதும் உண்மை. ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவரைப் பாடச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்துக்கொண்டு. "அதெல்லாம் மறந்துபோச்சு தாயி" என்றார். நான் கையில் இருந்த சிலம்பக் கம்பை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கம்புல்ல? உலக்கைன்னா ஒரு கனம் வேணாமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு பெண் ஓடிப்போய் யார் வீட்டுப் பரணிலிருந்தோ பூண் கட்டிய உலக்கை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

அந்த அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். உலக்கையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி, உரலே இல்லாமல், தரையில் படாமல் ஒரு சாண் மேலேயே நிறுத்தி நிறுத்திக் குத்தினார். முதலில் "ஸ்ஸூ" என்ற மூச்சு மட்டும். அதுவே கொஞ்ச நேரம் போனது. பிறகு பாட்டு வந்தது. மாமியார், நாத்தனார், வராத அண்ணன் என்று பழைய சரக்குதான். நான்கைந்து கண்ணி முடிந்ததும் அதே மெட்டில், ரேஷன் கடை மிஷினில் தன் கட்டைவிரல் ரேகை விழாததைப் பாட ஆரம்பித்தார். குத்திக் குத்தித் தேய்ந்த ரேகையை மிஷின் தேடுகிறதாம். அதைத் தேட வேண்டிய இடம் உலக்கையாம். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்துவதற்குள் அடுத்த கண்ணி வந்துவிட்டது. முடிந்த பிறகு, இதற்கு முன்னால் இதைப் பாடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "இப்பத்தானே வந்துச்சு" என்றார்.

நான் கூடத்தில் தோல்கருவியை எடுத்தாலே ஒரு எச்சரிக்கை வரும்: "பாத்து டீச்சர், இவளுக்குச் சாமி வந்துரும்." விளையாட்டுக்குச் சொல்வதில்லை. தாளம் ஏறும்போது ஒருத்தியின் பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும், மேல்மூச்சு வாங்கும், பின்னங்கழுத்து விறைக்கும். அப்போது சட்டென்று கருவியை நிறுத்தக் கூடாது. ஓடுகிற வண்டியில் சக்கரத்துக்குள் கட்டையைச் செருகியதுபோல ஆகிவிடும். காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பிடித்து அமுக்கவும் கூடாது. பக்கத்தில் இருப்பவர்களைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, அவள் விழுந்தாலும் அடிபடாத அளவுக்கு இடம் விட வேண்டும். கிராமத்தில் திருநீறு பூசுவார்கள், சாமி மலையேறும். கூடத்தில் யாராவது பூசினால் நான் தடுப்பதில்லை.

சாமி வருவதைக் கேலி செய்கிற பகுத்தறிவும் எனக்குக் கிடையாது, அதை மேடைப் பொருளாக்குகிற ஆசையும் கிடையாது. ஆனால் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். வருஷம் முழுக்கத் தலையைக் குனிந்து நடக்கிற பெண், சாமி வந்தால் ஊர்த் தலைவரை "டேய்" என்கிறாள். தெளிவாக, அடுக்கடுக்காக, எதுகையோடு பேசுகிறாள். தலைமுடி அவிழ்ந்து கிடப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெண் உடம்பு பொது இடத்தில் அதன் முழு வீச்சுக்கு ஆட இந்த ஊர் விட்டுவைத்த இடம் அதுதான். முடிந்த பிறகு "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்று சொல்லிவிட வேண்டும், அது ஒப்பந்தம். என் பயிற்சியில் அந்த ஒப்பந்தம் கிடையாது. ஆடலாம், பேசலாம், ஞாபகமும் வைத்துக்கொள்ளலாம், கீழே தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். இது பலருக்குப் பயமாக இருக்கிறது. இருக்கத்தான் செய்யும்.

ஆடுகிறவள் எழுதியும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி ஆடல் பாடல் மரபில் வளர்ந்தவர், தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனமு’ எழுதினார். பெண்ணின் ஆசையைப் பெண்ணே பேசுகிற காவியம். அதே மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910ல் அதை முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு தடை செய்தது. சதிர் ஆடிய குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டு, 1947ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் வந்த காலகட்டத்தில், அதே ஆட்டம் பரதநாட்டியம் என்று வேறு வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. சட்டம் தேவைப்பட்டதுதான். ஆட்டத்தை அந்தப் பெண்களிடமிருந்து பறித்ததற்கு நியாயம் கிடையாது. சதிர்க் குடும்பத்தில் பிறந்த பாலசரஸ்வதி ஒருவர் தன் வீட்டு வாசலிலிருந்து அசையாமல் நின்று ஆடிக் காட்டினார்.

சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரை ஓரம் ‘ஸ்பேசஸ்’ என்ற இடத்தை உருவாக்கிய சந்திரலேகா என் தலைமுறைக்குப் பெரிய கதவு. பரதநாட்டியம் ஆடிப் பெயர் வாங்கி, பிறகு வெகுகாலம் விலகி இருந்தவர், 1985ல் ‘அங்கிகா’ மூலம் திரும்பி வந்தார். நாட்டியத்தோடு களரியும் யோகமும் ஒரே மேடையில். நகை இல்லை, ராதை கிருஷ்ணன் கதை இல்லை. முதுகெலும்பு இருந்தது. அவருடைய கடைசிப் படைப்பான ‘ஷரீரா’வில் எல்லாமே அவ்வளவு மெதுவாக நடக்கும், பெண் உடம்பு மெதுவாக இருப்பதே எவ்வளவு பெரிய அதிகாரம் என்று தெரியும். அதில் நீண்ட காலம் ஆடிய திஷானி தோஷி ஆங்கிலத்தில் எழுதுகிற கவிஞர். 2006ல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்பின் பெயர் ‘கன்ட்ரீஸ் ஆஃப் தி பாடி’. ஆட்டமும் கவிதையும் ஒரே ஆளுக்குள் ஒரே காலத்தில் நடந்தவை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சந்திரலேகாவின் மேடைக்கு வர முடியாத பெண்களுக்கு வேறு கதவு. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கி, ஆண்கள் கையில் மட்டும் இருந்த கருவி. பறையை இடது தோளில் மாட்டி, முட்டியை மடக்கி நின்று, ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெலிந்த குச்சி. உடலசைவுக்காரியாக நான் அதில் பார்ப்பது தோளை. வயதுக்கு வந்த நாள் முதல் நெஞ்சை மறைக்கத் தோளை உள்ளே குவித்துக் குவித்தே நடந்த பிள்ளைகள். குவிந்த தோளோடு பறையை அடிக்கவே முடியாது. கருவியே ஆளை நிமிர்த்திவிடுகிறது. அறிவுரை தேவையில்லை.

கரகாட்டக்காரப் பெண்களைப் பயிற்சிக்கு ஆசிரியராக அழைப்பது என் வழக்கம். அழைத்தால் ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள், "வேற யாரும் கிடைக்கலையா மேடம்?" அந்தக் கலைஞர் செம்பில் மணலைப் போட்டு ஆசிரியைகளின் தலையில் வைத்து, "கண்ணை ஒரு இடத்துல நிறுத்துங்க, இடுப்ப நீங்க ஆட்ட வேணாம், அதுவா ஆடும்" என்று சொன்ன பத்தாவது நிமிஷம் அந்தச் சுளிப்பு போய்விடும். தலைமேல் உள்ள கனம் நேராக நிற்க, கீழே உடம்பு மொத்தமும் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. இரவு முழுக்க இதைச் செய்கிறவரை ஆபாசம் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளுகிற ஊர், அவருடைய கலைக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறது.

என் தொழிலில் எரிச்சல்களும் உண்டு. ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி முடிந்ததும் ஒரு படிவத்தை நீட்டியது: பயிற்சிக்கு முன் உங்கள் தன்னம்பிக்கை எத்தனை, பின் எத்தனை, ஒன்று முதல் பத்துக்குள் வட்டமிடவும். எல்லோரும் முன் மூன்று, பின் ஒன்பது என்று போட்டுக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. வீடியோ எடுக்கக் கேட்பார்கள், நான் விடுவதில்லை. கேமரா வந்ததும் தோள் குவியும், வயிறு உள்ளே போகும், மூச்சு நெஞ்சுக்கூட்டின் மேல்பகுதிக்கு ஏறிவிடும். மன அழுத்தம் போகும், தைராய்டு சரியாகும் என்று நோட்டீஸில் போடச் சொன்னால் அதற்கும் மாட்டேன். நான் வைத்தியம் பார்க்கிறவள் இல்லை. பயிற்சியின்போது அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் அடி வாங்குகிறவர் என்று தெரிந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுப்பேன். அதைப் பாட்டாக மாற்றச் சொல்லி அவரைத் துரத்துவது அயோக்கியத்தனம்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பையும், சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி கவிதைகளையும் வைத்துப் பெரிய சண்டை நடந்தது. எந்தச் சொல்லைப் பெண் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஆண்கள் வரிசையில் நின்று கருத்துச் சொன்னார்கள். அந்தக் கவிஞர்கள் திறந்த வழியில்தான் இன்று எழுத வருகிறவர்கள் நடக்கிறார்கள். ஆனால் கவிதைத் தொகுப்பே கண்ணில் படாத பெண்களுக்கு வழி வேறு பக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. பல ஊராட்சிகளில் மகளிர் குழுவுக்கென்று ஒரு கட்டடமோ, சமுதாயக் கூடமோ இருக்கிறது. பல ஊர்களில் அது பூட்டியே கிடக்கிறது, உள்ளே பந்தல் சாமானும் தேர்தல் தட்டியும். சாவியை வைத்திருக்கிறவர்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களிடம் கொடுத்தால் போதும். தாழ்ப்பாள் மட்டும் சரியாக இருக்கட்டும்.

கடைசியாக, நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கிற மாணவர்களுக்கும், பாட்டியின் பாட்டைச் செல்போனில் பிடித்துவைக்க நினைக்கிற பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நா. வானமாமலை போன்றவர்கள் தொகுத்துத் தந்த சொற்கள் நமக்குக் கிடைத்துவிட்டன. அந்தச் சொற்களைப் பாடிய கை எப்படிப் போனது, கால் எங்கே நின்றது என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு. பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து "பாடுங்க" என்று சொல்லாதீர்கள். மறந்துவிட்டது என்பார், நீங்களும் நம்பிவிடுவீர்கள். உலக்கையையோ முறத்தையோ தேடிக் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் சேலையில் ஒரு தொட்டிலைக் கட்டி ஆட்டச் சொல்லுங்கள். பாட்டு வரக் கொஞ்சம் நேரம் ஆகும், காத்திருங்கள். வந்ததும் முகத்தை மட்டும் படம் பிடிக்காமல் பாதம் வரைக்கும் பிடியுங்கள்.